டீ ஆறுவதற்குள் ராஜி

"அடிதடின்னா அடிதடிதேன்! அண்ணன் தம்பிய அடிச்சாலும் ஒண்ணுதேன், பஸ் ஸ்டாண்டுல முகம் தெரியாதவன அடிச்சாலும் ஒண்ணுதேன், புருசன் பொண்டாட்டிய அடிச்சாலும் ஒண்ணுதேன். எங்கிட்ட வந்த கேஸு ஒண்ணாவது டீ ஆறுறதுக்குள்ள ராஜியாகாமப் போயிருக்கா? போனா எம் பேரு சேவுகப்பெருமாள் இல்ல!"

இந்தப் பிரகடனம் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பேத்தியின் காதுகுத்து விருந்தில், மைக்கில் வெளியிடப்பட்டது. மைக் உண்மையில் அடுத்த பந்திக்கு ஆள் கூப்பிட வைக்கப்பட்டிருந்தது. சேவுகப்பெருமாளின் கைக்கு வந்த மைக் எதுவும் வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. அன்றும் மூன்றாம் பந்திக்காரர்கள் பசியோடு நின்று அவருடைய சமாதானப் பணிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கைதட்டியவர் மருமகன் அருள்பாண்டி. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று தட்டினார். மாமனார் மேல் இப்படியொரு மரியாதை வைத்திருக்கும் மருமகன் யாருக்கு வாய்ப்பார் என்று சேவுகப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மாமன் மடியில் காது குத்திக்கொண்ட பேத்தி அழுதுகொண்டே அம்மா மடிக்கு வந்திருந்தாள். அந்த அம்மாவான பாண்டீஸ்வரி கைதட்டவில்லை. கையில் பிள்ளை இருக்கிறது, எப்படித் தட்டுவாள் என்று அவளுடைய அப்பா அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார். நியாயம் கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்.

தொழில் என்று சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். அவருடைய தொழில் கேன் தண்ணீர். காரைக்குடியில் பாதித் தெருக்களுக்கு அவர் பெயர் போட்ட வண்டியில்தான் குடிதண்ணீர் போகிறது. அந்தத் தொழிலை நடத்துகிறவர் அவர் மனைவி மலையம்மாள். போனில் ஆர்டர் எடுப்பது, காலி கேனைக் கழுவுவது, வராத வேலையாளை ஏசுவது எல்லாம் அந்த அம்மாள். வண்டி ஓட்டுவது மகன் அய்யப்பன். சேவுகப்பெருமாள் தம் பங்குக்கு வண்டியில் தம் பெயரை எழுத அனுமதித்திருந்தார். மிச்ச நேரத்தில் அவர் ஊர்ச் சமாதானத்தைக் கவனித்துக்கொண்டார்.

அவர் கவனித்த விதம் இது. எங்காவது ஒருவனை ஒருவன் அடித்துவிட்டான் என்று செய்தி வந்தால், வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவார். எதிரே டீக்கடை. இரண்டு தரப்பையும் பெஞ்சில் உட்கார வைப்பார். ஒரே ஒரு டீ சொல்வார். அதை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொல்வார். அடித்தவன் கையில் ஒன்று, அடிபட்டவன் கையில் ஒன்று. "ஒரே பாலு, ஒரே தூளு, ஒரே சட்டி. குடிங்கடா" என்பார். அவ்வளவுதான் விசாரணை. குடித்து முடித்தால் ராஜி. குடிக்காதவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அவனும் குடித்துவிடுவான்.

கானாடுகாத்தானில் ஒரு பூட்டிய பெரிய வீட்டு வாசலில், கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுக்க வந்த போட்டோகிராபரை, வீட்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர் ஓங்கி அறைந்துவிட்டார். டீ ஆறுவதற்குள் ராஜி. அந்தக் காவல்காரரே பிறகு குடை பிடித்து நிழல் கொடுத்தார். நாட்டரசன்கோட்டையில் ஆடு மேய்ந்த விவகாரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேலிக் கம்பைப் பிடுங்கும் நிலைக்குப் போனார்கள். அதுவும் ராஜி, ஆடு மட்டும் கடைசி வரை தன் தரப்பைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அடிகளில் அடிபட்டவர் மனது வைத்தால் விஷயம் முடிந்தது. சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. இது சேவுகப்பெருமாளுக்குத் தெரியும். சட்டம் தம்மைப் பார்த்துத்தான் ஒதுங்கி நிற்கிறது என்பது அவருடைய புரிதல்.

புருஷன் பெண்டாட்டி விவகாரங்களுக்கும் அதே டீதான். அதில் ஒரு வித்தியாசத்தை அவரே கவனித்திருந்தார். போட்டோகிராபர் மறுபடி அடிபட்டு வரவில்லை. ஆட்டுக்காரர்கள் வரவில்லை. வீட்டுக்குள் அடிபட்ட பெண்கள் மட்டும் மறுபடி மறுபடி வந்தார்கள். அதை அவர் தம் மேல் உள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார். நல்ல கடைக்குத்தானே வாடிக்கை உண்டு.

அவருடைய ராஜிகளிலேயே மிகச் சுருக்கமானது போன ஆடி மாதம் நடந்தது. பாண்டீஸ்வரி வீங்கிய மணிக்கட்டோடு தாய்வீட்டுக்கு வந்து நின்றாள். மருமகன் அருள்பாண்டி வேற்றாள் அல்ல. சேவுகப்பெருமாளின் கூடப்பிறந்த அக்கா அழகியின் மகன். அதாவது பெண்ணுக்கு அப்பாவும் அவர்தான், பையனுக்குத் தாய்மாமனும் அவர்தான். பெண் வீட்டுப் பெரியவர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று இரண்டு ஆள் தேடும் சிரமம் இல்லை. மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டில் இறக்கினார். அழகி டீ போட்டுவந்து வழக்கப்படி இரண்டு கிளாஸில் ஊற்றினார். "ரெண்டு பக்கத்துக்கும் நாந்தேன ஆளு, எங்கிட்ட குடு" என்று இரண்டையும் சேவுகப்பெருமாளே குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரி அடுப்படியில் இருந்ததால் சிரித்தாளா என்று தெரியவில்லை.

இந்த ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பிள்ளையார்பட்டியில் இருந்தார். கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவருக்கும் அருகம்புல் மாலை விற்கிறவருக்கும் கைகலப்பு. டீ வந்து, இரண்டாகப் பிரிந்து, முதல் மடக்கு உள்ளே போன நேரம் போன் வந்தது. மலையம்மாள்.

"அய்யப்பனுக்கு ஒதடு கிழிஞ்சிருச்சு. பாண்டீஸ்வரிக்குக் காதுல ரத்தம். ஆஸ்பத்திரில இருக்கோம்."

"வண்டி கவுந்துருச்சா?"

"அடிச்சிருக்கு."

"எவன் அடிச்சது? எவன்னு சொல்லு!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கத்தினார். தேங்காய்க்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று அரிவாளை எடுத்து உள்ளே வைத்தார்.

"நீங்க கொண்டாந்த மாப்பிள்ளதேன்."

சேவுகப்பெருமாளின் கை மடித்த வேட்டியை மெல்ல இறக்கிவிட்டது. கோபம் போய், அனுபவம் வந்தது.

"அடடா, நம்ம அருளா? சொந்தத்துக்குள்ளதான? நான் வந்துர்றேன். வர்ற வரைக்கும் யாரும் எதையும் எழுதிக் குடுத்துறாதீக."

"குடுத்தாச்சு" என்றார் மலையம்மாள். போன் வைக்கப்பட்டது. அவர்களுடைய இல்லற வாழ்வில் மலையம்மாள் முதலில் போனை வைத்தது அதுதான். சேவுகப்பெருமாள் சிக்னல் கோளாறு என்று நினைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஜேசிபி வாடகைக்கு விடும் அருள்பாண்டி அன்று ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பொத்தான் இல்லாத சட்டையை மனைவி முகத்தில் வீசினார். பிறகு கையையும் வீசினார். அந்த நேரத்தில் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த அய்யப்பன் இதைப் பார்த்தான். கேனைப் போட்டுவிட்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றான். அதே கை அவன் வாயிலும் விழுந்தது. ஒரே கை, ஒரே வாசல், ஒரே மூச்சு. அக்கா தம்பி இருவரையும் பிள்ளையோடு அதே தண்ணீர் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், சேதி கேட்டு ஓடிவந்த மலையம்மாள். வண்டி ஓட்டத் தெரிந்தது அந்த அம்மாளுக்கு என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

மதியத்துக்குள் கேஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அய்யப்பனின் புகார் பக்கத்துக் காவல் நிலையத்தில். பாண்டீஸ்வரியின் புகார் மகளிர் காவல் நிலையத்தில்.

சேவுகப்பெருமாள் முதலில் தமக்குப் பழக்கமான இடத்துக்குப் போனார். ஏட்டு தங்கச்சாமி எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்கண்ணே. இங்குட்டு ஒண்ணும் பெருசா இல்ல. கையால அடிச்சது, சின்னக் காயம். இதுக்கு நாங்களா எஃப்.ஐ.ஆர் போடவே கோர்ட்டுல அனுமதி கேக்கணும். மனுவ வாங்கி ரசீது குடுத்துருக்கோம். அடிபட்டவரு வேணாம்னா முடிஞ்சுபோச்சு."

"அப்ப முடிஞ்சுபோச்சு" என்றார் சேவுகப்பெருமாள்.

மருமகனையும் மகனையும் எதிர்க் கடைக்கு வரவழைத்தார். டீ வந்தது. இரண்டாகப் பிரிந்தது. அருள்பாண்டி ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, "மாப்ள, மனசுல வச்சுக்காத. கையி சும்மா நீண்டுருச்சு" என்றார். அய்யப்பன் கிழிந்த உதட்டின் நல்ல பக்கத்தால் ஒரு மடக்குக் குடித்தான். வைத்தான்.

"அப்பா, எனக்கு விழுந்தத நான் விட்டுட்டேன். நீங்க சொன்னீகன்னு விட்டேன். அக்காவுக்கு விழுந்தது எங்கிட்ட இல்ல."

"அதுக்கென்னடா, அங்குட்டுப் போயி அதையும் முடிச்சுருவோம்."

டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சேவுகப்பெருமாள் கம்பீரமாக எழுந்தார். அருள்பாண்டி மாமாவின் பைக் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பெரிய மனிதரைப் பார்க்கப் போவது தாமதமாகிறதே என்று மணியைப் பார்த்துக்கொண்டார். அந்த அளவுக்கு நம்பிக்கை.

மகளிர் காவல் நிலையத்தில் சுவரோரம் ஒரு பெஞ்ச். அதில் அழகி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அருள்பாண்டி உட்கார்ந்தார். சேவுகப்பெருமாள் அவர்களோடு உட்கார்ந்தார். அவருக்கு அதுதான் வாகாக இருந்தது. எதிர்ப் பெஞ்சில் பாண்டீஸ்வரி, இடது காதில் பஞ்சு. ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கி யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் பக்கத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மலையம்மாள். மூலையில் தண்ணீர்க் கேன். அதன்மேல் 'சேவுகப்பெருமாள் அக்வா' என்று எழுதியிருந்தது. இங்கேயும் நம் தண்ணீர்தான் என்று பார்த்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சந்திரலேகா மகள் வயதுதான் இருப்பார். "சொல்லுங்கய்யா" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. அங்குட்டு ஸ்டேசன்ல பையன் கேஸு ராஜியாயிருச்சு. இதுவும் அதே கையி, அதே நேரம், அதே வாசலு. ஒரு அறை முடிஞ்சா இன்னொரு அறையும் முடிஞ்ச கணக்குதான? நீங்க எதுக்குச் செரமப்பட்டுக்கிட்டு."

"அந்த அறை உங்க பையனோடது. விட்டுக் குடுக்க அவருக்குச் சட்டத்துல இடமிருக்கு. இது வேறங்கய்யா. இது புருஷன் பண்ணுன கொடுமைன்னு தனிப் பிரிவு. எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு. இத ஸ்டேஷன்ல ராஜியாக்க முடியாது. டீக்கடையிலயும் முடியாது."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் சேவுகப்பெருமாளுக்குத் தம் புகழ் இங்கும் எட்டியிருப்பதில் ஒரு கணம் பெருமை. அடுத்த கணம்தான் மீதி வாக்கியம் காதில் இறங்கியது.

"என்னம்மா சொல்றீக? பொண்ணே வேணாம்னு சொன்னா?"

"அவங்களே சொன்னாலும் இங்க முடியாது. நாளைக்கு ரெண்டு பேரும் நெசமாவே ஒத்துப்போனாங்கன்னா, மதுரை ஹைகோர்ட்டுக்குப் போயி ரத்து பண்ணக் கேக்கணும். ஜட்ஜு பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு."

ஒரு டீயின் வேலைக்கு மதுரை ஹைகோர்ட்டா! சேவுகப்பெருமாளின் வாய் திறந்தது. சமாதானப் பணியில் இத்தனை காலம் கழித்து, திறந்த வாயிலிருந்து எதுவும் வராமல் போனதை மலையம்மாள் முதல் முறையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அபராதம் ஏதாச்சும் கட்டிட்டு..." என்று இழுத்தார் அருள்பாண்டி.

"நீங்க இருங்க. ஜாமீன்ல விடுறதுக்கு இதுல எனக்கு அதிகாரம் இல்ல. இப்பவே பிடிச்சு உள்ள போடுறேன்னும் சொல்லல. விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் குடுப்பேன். கூப்பிட்டப்ப வரணும். வரலைன்னா நான் வருவேன்."

அருள்பாண்டி மணி பார்ப்பதை நிறுத்தினார்.

"அம்மா, அடி அடிதான?" சேவுகப்பெருமாள் மைக் இல்லாமல் அதே உரையைத் தொடங்கினார். "ரோட்டுல அடிச்சா லேசு, வீட்டுக்குள்ள அடிச்சாக் கனமா? அது என்ன கணக்கு? சொந்தபந்தம்னா இன்னும் லேசாத்தான இருக்கணும்!"

சந்திரலேகா கோபப்படவில்லை. "ரோட்டுல அடிபட்டவரு எந்திரிச்சு தன் வீட்டுக்குப் போயிருவாரு. கதவச் சாத்திக்குவாரு. இவங்க அடிபட்டா எந்த வீட்டுக்குப் போவாங்கய்யா?"

"ஏன், எங்க வீடு இருக்..."

மலையம்மாள் பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். ஆடி மாதமும், பைக்கும், இறக்கிவிட்ட வாசலும் அந்தப் பார்வையில் இருந்தன. சேவுகப்பெருமாள் வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் தண்ணீரே அவருக்கு வந்தது.

"அதனாலதான் இன்னொரு சட்டமும் இருக்கு" என்றார் சந்திரலேகா. "இந்தக் கேஸு ஒருபக்கம் நடக்கட்டும். பாதுகாப்பு அலுவலர் மூலமா மாஜிஸ்ட்ரேட்கிட்ட இவங்க தனியா மனு போடலாம். இவங்கள நெருங்கக்கூடாதுன்னு உத்தரவு வாங்கலாம். தேவைப்பட்டா, 'நீங்க வெளிய இருங்க, அவங்க வீட்டுல இருக்கட்டும்'னுகூட கோர்ட்டு சொல்லும். அந்த உத்தரவ மீறுனா அதுவே தனிக் குத்தம்."

"வெளியவா!" இந்த முறை வாய் திறந்தது அழகி. "அது எம் புருசன் கட்டுன வீடு! எம் மகன் வீட்டுல இருந்து எம் மகனையா? ஏம்ப்பா தம்பி, கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க? பேசுடா! பொண்ணுக்கு அப்பன்தான நீயி? அவனுக்குத் தாய்மாமந்தான? ரெண்டு பக்கத்துக்கும் நீதான ஆளு!"

சேவுகப்பெருமாளுக்கு உயிர் வந்தது. தம்முடைய பெரிய ஆயுதத்தை இன்னும் எடுக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதத்தேன் சொல்ல வந்தேன். இது மத்த கேஸு மாதிரி இல்லம்மா. ரெண்டு வீட்டுக்கும் பெரியவன் நாந்தேன். பையன் என் கூடப்பொறந்த அக்கா மகன். நானே ரெண்டு பக்கமும்."

"ஓ" என்றார் சந்திரலேகா. பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க கணவரோட உறவினரு."

"ஆமா, நெருங்குன உறவு!"

"இந்தப் பிரிவுல கணவர் மட்டும் இல்லங்கய்யா. 'கணவர் அல்லது கணவரோட உறவினர்'னு இருக்கு. கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சு, அதுக்கு யாரு துணையா இருந்தாங்கன்னும் நான் விசாரிக்கணும். பொண்ணோட அப்பான்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசினேன்."

காரைக்குடி வட்டாரத்தில் அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் நடுவில் உட்கார்ந்தே வாழ்ந்த ஒரு மனிதர், சட்டத்தில் நடு என்று ஒரு நாற்காலியே இல்லை என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டார். வியர்வையைத் துடைக்கத் துண்டைத் தேடினார். துண்டு தோளிலேதான் இருந்தது.

"மாமா" என்று அருள்பாண்டி அவர் முழங்கையைத் தொட்டார். குரலில் காலையிலிருந்த கனம் இல்லை. "பாண்டீஸ்வரிகிட்டப் பேசுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பா. ஆடி மாசம் கேட்டாள்ல."

அதுதான் சரி. சட்டம் கிடக்கட்டும், மகள் மனது வைத்தால் ஹைகோர்ட்டுக்கே போய் டீ சொல்லலாம். சேவுகப்பெருமாள் எழுந்து போனார். மகளின் இடதுபக்கம் குனிந்து, தம் புகழ்பெற்ற தணிந்த குரலில் தொடங்கினார்.

"ஆத்தா, குடும்பம்னா நாலும் இருக்கும். அவனுக்கு இன்னைக்கு ஏதோ கெட்ட நேரம், கையி நீண்டுருச்சு. பிள்ளை மொகத்தப் பாரு. ஊரு உலகம் என்ன சொல்லும்? நானு ஊருக்கே ராஜி பண்றவன், எம் மகளே ஸ்டேசன்ல உக்காந்துருந்தா எனக்கு என்னத்தா மருவாதி?"

சிறப்பான உரை. பல குடும்பங்களில் வெற்றி கண்டது. முடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். பாண்டீஸ்வரி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆள் நிற்பதை உணர்ந்து திரும்பினாள்.

"அப்பா, ஏதாச்சும் சொன்னீகளா? அந்தக் காது கேக்கலப்பா. இங்குட்டு வந்து சொல்லுங்க."

சேவுகப்பெருமாள் அப்படியே குனிந்த நிலையில் நின்றார். காதுகுத்தன்று பேத்தியின் காதில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததற்கு, காது குத்திய பத்தர் மேல் அவர் பாய்ந்த பாய்ச்சலை மண்டபமே பார்த்தது. இங்கே பஞ்சின் ஓரத்தில் காய்ந்திருந்தது அதைவிட அதிகம்.

மறுபக்கம் போக வேண்டுமென்றால் மகளைச் சுற்றிக்கொண்டு, மலையம்மாளைத் தாண்டிப் போக வேண்டும். போனார். மலையம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தார். இப்போது அவருக்கு நேர் எதிரே அக்காவும் மருமகனும் இருந்தார்கள். அவர்களை அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"சொல்லுங்கப்பா" என்று பாண்டீஸ்வரி நல்ல காதைக் கொடுத்தாள்.

உரை எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏத்தா" என்றார் கடைசியில், "ஆடிக்கப்புறம் அடிக்கலைன்னுதான நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டச் சொல்லுவேன்னுதேன் சொன்னேன். அதுக்கு அவுக சிரிப்பாக." அவள் குரல் உயரவில்லை. பொத்தான் இல்லாத சட்டையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். "'போ, போயிச் சொல்லு. டீ ஆறுறதுக்குள்ள உங்கப்பனே உன்னயக் கொண்டாந்து விட்டுருவாரு'ன்னு சொல்லித்தேன் அடிப்பாக. இன்னைக்கும் அதச் சொல்லித்தேன் அடிச்சாக."

எதிர்ப் பெஞ்சில் அருள்பாண்டி தரையைப் பார்த்தார். மண்டபத்தில் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டிய மனிதர்தான். அந்தக் கைதட்டல் எதற்கு என்று சேவுகப்பெருமாளுக்கு இப்போது மெல்லக் கேட்டது.

மலையம்மாள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "ஊருக்கே டீ வாங்கிக் குடுத்தீக. அதுல எம் மகளுக்கு என்ன ஊத்துனீகன்னு இப்பத் தெரியுதா?"

அழகி வெளியே போயிருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு கிளாஸ். எதிர்க் கடையில் ஒரே டீ சொல்லி இரண்டாக ஊற்றி வாங்கி வந்திருந்தார். தம்பி முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அன்னைக்கு மாதிரி ரெண்டையும் நீயே குடிச்சு முடிச்சுவிடுப்பா. அக்கா உன் காலுல விழுறேன். என் ஒத்தைப் பிள்ளைடா."

ஆவி பறந்தது. நல்ல டீ, வாசனையிலேயே தெரிந்தது. சேவுகப்பெருமாளின் கை பழக்கத்தில் பாதி தூரம் போனது. பக்கத்தில் பாண்டீஸ்வரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. ஆடி மாதத்திலும் அவள் எதுவும் கேட்கவில்லை.

போன கை, வழியில், பேத்தி கீழே போட்ட சின்னச் செருப்பை எடுத்தது. பிள்ளையின் காலில் மாட்டிவிட்டது. பிறகு அவர் மடிக்கே திரும்பி வந்துவிட்டது.

சந்திரலேகா மேசையிலிருந்து கேட்டார். "முன்னாடி நடந்ததுக்கு அவங்க சொல்றது இருக்கு. நேர்ல பாத்தவங்க, தெரிஞ்சவங்க யாராவது வாக்குமூலம் குடுத்தா நல்லது. கட்டாயம் இல்ல."

"நான் குடுக்கறேன்" என்று மலையம்மாள் எழப்போனார்.

"நீ இரு" என்றார் சேவுகப்பெருமாள். "ஆடி மாசம் கையி வீங்கி வந்தப்ப நாந்தேன் பாத்தேன். கொண்டுபோயி விட்டதும் நாந்தேன். அதயும் எழுதிக்கங்கம்மா. விட்டுட்டு வந்தத விட்டுறாம எழுதிக்கங்க."

"மாமா!" என்றார் அருள்பாண்டி. "டே தம்பி!" என்றார் அழகி. சேவுகப்பெருமாள் எழுந்து மேசைக்குப் போனார். காலில் வேட்டி தடுக்கியது. வாழ்நாளில் எத்தனையோ முறை அந்த மாதிரி மேசைகள் முன் அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுதுவதை நிறுத்தச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"கையெழுத்து எங்கிட்டும்மா போடணும்?"

"கையெழுத்து வேணாங்கய்யா. போலீஸ்கிட்டக் குடுக்குற வாக்குமூலத்துக்குக் கையெழுத்து கிடையாது. நடந்தத சொன்னாப் போதும். கோர்ட்டுல கூப்பிடுறப்பவும் இதையேதான் சொல்லணும்." சந்திரலேகா புதுத் தாளை எடுத்தார். "பேரு?"

சாதாரணக் கேள்விதான். மண்டபமும், மைக்கும், மைக்கில் பெயரை வைத்துச் சொன்ன சொல்லும் குறுக்கே வந்து நின்றன. மூலையில் தண்ணீர்க் கேன் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

"சேவுகப்பெருமாள்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்காது.

"இவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

அக்காவின் விசும்பல் பின்னால் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"பொண்ணுக்கு அப்பா."

"வேற?"

"அவ்வளவுதேன்."

சந்திரலேகா எழுதத் தொடங்கினார். ஆடி மாதத்திலிருந்து ஆரம்பித்து, தமக்குத் தெரிந்ததையும் கண்டும் காணாமல் விட்டதையும் ஒவ்வொன்றாக, தேதி மறந்த இடத்தில் திருவிழாவை அடையாளம் வைத்து, அவர் சொல்லிக்கொண்டே போனார். நெடுநேரம் ஆயிற்று. ஸ்டூலில் இருந்த இரண்டு கிளாஸிலும் ஆவி அடங்கி, ஆடை படிந்து, பேத்தி ஒரு கிளாஸில் விரலை விட்டு அந்த ஆடையை எடுத்துப் பார்த்தாள். சுடவில்லை.